தூசியின் மேல் போட்ட பழி

"பஸ்ஸு போர்டு படிக்கத் தெரிஞ்சா போதாதா பொட்டப் புள்ளைக்கு? அதுக்கு மேல படிச்சு யாரு உசுர காப்பாத்தப் போவுது?"

என் பெரியப்பா இதைக் கேட்டது என்னிடம் அல்ல, அப்பாவிடம். ஆனால் நான் பக்கத்திலேயே கரி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஏழாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தில் நிலைத்து உட்கார்ந்ததில்லை. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதையும் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆன பிறகுதான் கற்றுக்கொண்டார். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. பஸ் போர்டைத் தாண்டி வந்துவிட்ட நான் அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே கொஞ்சம் அதிகம்தான்.

பெரியப்பா அன்று எங்கள் கிராமமான வளையமாதேவியிலிருந்து வந்திருந்தது அம்மாவை அழைத்துப்போக. அம்மாவுக்கு நாங்கள் குடியிருந்த நெய்வேலியின் சுரங்கத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று குடும்பம் கூடி முடிவு செய்திருந்தது.

தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிளாக்கில் திருநெல்வேலிக்காரர்கள் இருந்தார்கள், மதுரைக்காரர்கள் இருந்தார்கள், பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர் அக்கா இருந்தார். சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பதிலிருந்து பிள்ளைக்கு எப்போது மொட்டை போடுவது என்பது வரை ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் தூசி. முடி கொட்டினால் தூசி. ஊறுகாய் பூசணம் பிடித்தால் தூசி. மதுரைக்காரர் மகன் கணக்கில் ஃபெயிலானதற்குக்கூட, தூசியால் அவனுக்கு அடிக்கடி தலைவலி வருகிறது என்றுதான் காரணம் சொன்னார்கள். தூசி எதையும் மறுத்துப் பேசுவதில்லை. அதனால் அதன் மேல் பழி போடுவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

அம்மாவின் மூச்சிரைப்பும் அப்படித்தான் தூசியின் கணக்கில் சேர்ந்தது. குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கிவர வழியில் நின்று நின்று வருவாள். கன்னம் இரண்டும் வெயிலில் நின்றவள் போலச் சிவந்திருக்கும். படுத்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் மெல்ல அடங்கும். நாளாக ஆக, படுக்கையை மடித்து முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டாள். "இந்தத் தூசி எனக்கு ஆவலீங்க" என்று முதலில் சொன்னதும் அம்மாதான். அப்பா வடலூர் மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கிவந்தார். பாட்டில் காலியானால் இன்னொரு பாட்டில். டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பர்மனென்ட்காரர் குடும்பத்துக்குச் செலவு இல்லை என்று அவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். அம்மா மசியவில்லை.

"இருமலுக்குப் போயி ஆஸ்பத்திரிக்கு யாராவது போவாங்களா? சிரிப்பாங்க."

எனவே பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். அம்மா என் தம்பியோடு கிராமத்தில் நல்ல காற்றில் இருக்கட்டும். நான் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவுக்குச் சமைத்துப் போடட்டும். அம்மா திரும்பி வந்தாலும் புகையிலும் கரியிலும் நிற்கக் கூடாது என்பதால் அதற்குப் பிறகும் அடுப்பு எனக்குத்தான். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சரிண்ணா" என்றார். என் படிப்பு முடிந்துபோனது அந்த ஒரு வார்த்தையில்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூட மணி அடிக்கும்போது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் அறிவியலில் நான்தான் முதல். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கும். கோயம்புத்தூர் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏங்கண்ணு, இன்னிக்கும் ஸ்கூலுக்குப் போகலியா?" என்று கேட்பார். "அம்மா வந்ததும் போயிருவேங்க்கா" என்பேன். அம்மா வந்தாலும் போக முடியாது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை அம்மாவைப் பார்க்க அழைத்துப்போனார். வளையமாதேவிப் பக்கம் அப்போது சுரங்கத்தின் நிழலே கிடையாது. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் இரண்டு பக்கமும் பச்சை. துவைத்த வேட்டியை வேலியில் போட்டால் போட்ட நிறத்திலேயே திரும்ப எடுக்கலாம். இந்தக் காற்றில் அம்மா நன்றாகத் தேறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அம்மா உள்ளே நெல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. இருமிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள். அதில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்று இருந்தது. துணியை மடித்து மறைப்பதற்குள் பார்த்துவிட்டேன். பிறகு காலைப் பார்த்தேன். பாதம் உப்பிப்போய், விரலில் மெட்டி சதைக்குள் பாதி புதைந்திருந்தது.

பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு மாசம் இருந்தா சரியாப் பூடும்" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "பெரியப்பா, இங்கதான் தூசியே இல்லியே. அம்மாவுக்கு ஏன் இன்னும் நிக்கல?" என்று கேட்டேன்.

"ஏற்கெனவே உள்ள போனது இருக்குதுல்ல? அது வெளிய வர வாணாமா?"

"அப்டின்னா ஒக்காந்தா ஏன் மூச்சு வருது, படுத்தா ஏன் முட்டுது? அம்மா படுத்துகினு இருக்குதா ஒக்காந்துகினு இருக்குதான்னு தூசிக்கு எப்டித் தெரியும்?"

பெரியப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "இதான் நீ படிக்க வெச்ச லட்சணம்" என்றார்.

அப்பா அம்மாவின் காலடியில் குந்தி உட்கார்ந்து மெட்டியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அது அசையவில்லை. அவர் கையை எடுத்த இடத்தில் விரலின் அச்சு பள்ளமாக அப்படியே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கெளம்பு" என்றார்.

"வாணாங்க. இன்னும் கொஞ்ச நாளு இந்தக் காத்துல..."

"கெளம்புன்னு சொன்னன்ல."

அண்ணன் வார்த்தைக்கு மேல் அப்பா எடுத்த முதல் முடிவு அது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், கூட்டத்தில் காத்திருந்து உள்ளே போனதும் அப்பா, "டாக்டரம்மா, இவளுக்குத் தூசி ஒத்துக்கல" என்றார். நோயாளியோடு நோயின் பெயரையும் கூடவே கூட்டிவந்திருந்தார். டாக்டரம்மா நிமிராமல், "அத நான் சொல்றேன். நீங்க உட்காருங்க" என்றார். கண்டிப்பான மனுஷி. அம்மாவின் கழுத்து நரம்பைப் பார்த்தார். பாதத்தை அழுத்திப் பார்த்தார். மேசையில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மார்பில் குழலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். படுக்கும்போது முட்டுகிறது, உட்கார்ந்தால் வருகிறது என்று நான் இடையில் புகுந்து சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "ஆமா, அப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார்.

எக்ஸ்ரே வந்ததும் அதை வெளிச்சத்தில் மாட்டினார்கள். அப்பா கிட்டே போய்ப் பார்த்தார். இரண்டு பக்கமும் கருப்பாக இருந்ததைக் கண்டு அவருக்குத் துக்கமும், தான் நினைத்தது சரி என்ற திருப்தியும் சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

"கருப்பா இருக்கறது அத்தினியும் தூசிங்களா?"

"கருப்பா இருக்கறது காத்து. அதுதான் நல்லா இருக்கற இடம். நடுவுல வெள்ளையா வீங்கியிருக்கு பாருங்க, அது இதயம்" என்றார் டாக்டரம்மா. பிறகு அம்மா பக்கம் திரும்பி, "சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல் வந்து முட்டி வீங்கிச்சா? ஒரு முட்டி சரியானதும் இன்னொரு முட்டின்னு மாறி மாறி வலிச்சதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் அம்மா. கேள்வி முடிவதற்குள்ளாகவே சொன்னாள்.

டாக்டரம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. கதவு சாத்தியதும் அதே கேள்வியை மறுபடியும் மெதுவாகக் கேட்டார். அம்மா கதவைப் பார்த்தாள். பிறகு தலையை அசைத்தாள்.

"எவ்வளவு நாள்?"

"நாத்து நட்டப்ப படுத்தேங்க. அறுப்பு அறுக்கும்போதுதான் எந்திரிச்சேன்."

அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது. "அப்பாகிட்ட சொல்லாத" என்றாள். சரி என்று தலையாட்டினேன். முட்டி வலித்ததைப் போய் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு டாக்டரம்மா விளக்கினார். "இதயத்துக்குள்ள நாலு வால்வு இருக்கு. இவங்களுக்கு அதுல ஒண்ணு சரியா வேலை செய்யல. ஓரமெல்லாம் ஒட்டிப் போயிருக்கு."

வால்வு என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சுரங்கத்தின் அடியில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் இறைக்கிற பம்புகளில்தான் அவருக்கு வேலை. அதுவரை ஆஸ்பத்திரியில் தொலைந்துபோனவர்போல இருந்தவருக்குத் தெரிந்த ஊர் வந்துவிட்டது.

"ஃபுல்லா தொறக்கலீங்களா, ஃபுல்லா மூடலீங்களா?"

"தொறக்கல."

"அப்ப பின்னால பிரஷர் ஏறுமே. லைன் கசியும்."

"அதேதான். பின்னால இருக்கறது நுரையீரல். அங்க கசியறதுதான் இருமல். படுத்தா கால்ல தேங்கினதும் மேல ஏறி வரும், இன்னும் முட்டும்."

"வால்வ மாத்தணுங்களா?"

"ஒட்டினத விரிச்சு விட்டா போதும்னு நெனக்கிறேன். மெட்ராஸ்ல செய்வாங்க. அதுக்கு முன்னால தண்ணிய எறக்கணும். உப்பக் கொறைங்க, நான் தர்ற மாத்திரைய ஒரு வேள கூட விடாம குடுங்க."

நீர் பிரியும் மாத்திரையிலேயே பாதி மூச்சு திரும்பி வந்தது. அம்மா மெட்டியைத் தானே திருப்பிக் காட்டிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அப்பா லீவு போட்டு அவளை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தம்பியைக் கோயம்புத்தூர் அக்கா பார்த்துக்கொண்டார். அம்மாவோடு பெண்கள் வார்டில் இருக்க ஆள் வேண்டும் என்பதால் நானும் போனேன். ஆபரேஷன் நடந்த அன்று அப்பா வராந்தாவில் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. டீ வாங்கிவந்து கொடுத்தேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "வால்வு தொறக்கறப்ப பம்ப நிறுத்திட்டுதான் தொறப்போம். இவங்க ஓடும்போதே கைய வுடுறாங்க" என்று ஒருமுறை சொன்னார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. அது உண்மைதான். இடது விலா எலும்புகளுக்கு நடுவில் திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் விரலை விட்டு, ஒட்டியிருந்த வால்வை விரித்துவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் அம்மாவை மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். அவள் பயந்துகொண்டே படுத்தாள். இருமல் வரவில்லை. அப்படியே தூங்கிப்போனாள். என் அம்மா படுத்துத் தூங்குவதை அவ்வளவு காலம் கழித்து அன்றுதான் பார்த்தேன். எழுப்பிவிடுவார்களோ என்று வாசலில் காவலுக்கு நின்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம், நடுவில் நான், இந்தப் பக்கம் அப்பா. திடீரென்று அப்பா என் தலைக்கு மேலாக அம்மாவிடம் சொன்னார்.

"மெட்ராஸ் டாக்டரு சொன்னாரு, சின்னதுல முட்டிக் காச்சல் வந்ததால வந்த வெனையாம்."

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எனக்குந்தான் சின்னதுல ஒடம்பெல்லாம் சொரி செரங்கு. பொண்ணு பாக்க வந்தப்ப உங்க வூட்ல சொன்னமா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா சொறிந்துகொண்டு நிற்பதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அம்மாவும் சிரிப்பாள் என்று பார்த்தால், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தையல் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தேன்.

நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போனேன். அம்மா பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அப்பா ஷிஃப்டுக்குப் போகும் முன் அடுப்பைப் பற்றவைத்தார். ஆம்பளை குழம்பு கொதிக்கவிடுவதைப் பார்க்கப் பிளாக்கில் ஒரு கூட்டமே வந்தது. "ஏனுங்ணா, ரசத்துக்கு இத்தன புளியா?" என்று கோயம்புத்தூர் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாடம் நடத்தினார். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, அம்மா தேறியதற்குக் காரணம் மெட்ராஸ் காற்று என்று முடிவு செய்தார். கடலோரக் காற்றுக்கு அந்தச் சக்தி உண்டாம். என் படிப்பைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தபோது, "அது படிக்கட்டும்ணா" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். கரண்டியோடு நின்றுகொண்டு சொன்னதால் அதற்கு ஒரு கனம் இருந்தது.

அம்மாவின் நோயைக் கண்டுபிடித்தவள் நானே என்ற நினைப்பில் பல வருஷம் தலை நிமிர்ந்து திரிந்தேன். மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் ஒரு நோயாளியின் மார்பில் குழலை வைத்து, அம்மாவின் இதயத்திலும் கேட்டிருக்கக்கூடிய அதே உறுமல் சத்தத்தை என் காதாலேயே கேட்டபோதுதான் உண்மை புரிந்தது. குழலை வைத்த உடனேயே டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்கும். தூசியைப் பற்றிய என் கேள்வி அவருக்குத் தேவைப்படவே இல்லை. இருந்தாலும் என் பெருமை குறையவில்லை. அந்தக் குழலுக்கு முன்னால் அம்மாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தது அந்தக் கேள்விதானே. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்தில் நிலைத்தவளும் நான், முதல் டாக்டரும் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஆனால் குழந்தையாக இருந்தபோது எனக்குப் புரியாமல் போனது வேறொன்று. விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து ருமாட்டிக் காய்ச்சல் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். தொண்டையில் வரும் கிருமி, அதற்குப் பின் வரும் மூட்டுவலி, மூட்டு ஆறிய பிறகும் உள்ளே வால்வில் ஆறாமல் நிற்கும் தழும்பு. மறுபடியும் வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசி. அந்த ஊசி அம்மாவுக்கு நன்றாகத் தெரியும், பல வருஷம் போட்டுக்கொண்டவள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"என்னப் பெத்தவ அப்பவே சொல்லிட்டா. முட்டின்னு வாயத் தொறந்தீன்னா ஒன்ன எவனும் கட்டிக்க மாட்டான், கட்டினவனும் கொண்டாந்து வுட்டுடுவான்னு. ஆஸ்பத்திரிக்குப் போனா கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். தூசி தூசின்னு ஊரே சொன்னப்ப எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

தூசியை நான் ஒரு முட்டாள்தனம் என்று நினைத்திருந்தேன். அம்மா அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். மூச்சு நின்றாலும் பரவாயில்லை, வாழ்க்கை நின்றுவிடக் கூடாது என்று ஒளிந்திருந்தாள். அந்த அறையில், சாத்திய கதவைப் பார்த்துவிட்டு அவள் தலையசைத்தாளே, அது மெட்ராஸ் ஆபரேஷனைவிடப் பெரிய துணிச்சல். பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அது தெரியவில்லை.

ஹவுஸ் சர்ஜன் வேலை முடிந்ததும் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கே போஸ்டிங் கேட்டு வாங்கிக்கொண்டேன். வடக்குத்து கிராமப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரிடம் பேசி, சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளின் தொண்டையைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். பெண் பிள்ளைகளிடம் முட்டி வலியைப் பற்றியும் கேட்கிறேன். கேட்பதற்கு முன், கூட வந்திருக்கும் அம்மாக்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்கிறேன்.